‘ஒரு பொண்ணு கிடைக்குமா?’ – சோமாலி மாம் விவகாரமும் செய்திக்காரர்கள் விருந்தினர் தேடும் விதமும்

1998 ஜனவரி. பிரான்ஸின் அரசுத் தொலைக்காட்சியான பிரான்ஸ் 2இல் கம்போடியாவைப் பற்றி ஒரு செய்திப் படம் ஓடியது. அதில் ஒரு சிறுமி, பதினான்கு வயதுதான் இருக்கும், தன் கதையைச் சொன்னாள். வேலை வாங்கித் தருகிறோம் என்று நம்பவைத்துக் கூட்டிப்போனார்கள், கடைசியில் ஒரு விடுதிக்குள் அடைத்துப் பாலியல் தொழிலுக்குத் தள்ளினார்கள் என்றாள். பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். அவளைத் தங்கவைத்திருந்த காப்பகத்தின் பெயர் ஐரோப்பா முழுக்கத் தெரிந்தது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2013இல், அதே பெண் வேறொரு பத்திரிகையாளரிடம் பேசினார். அப்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. அன்று நான் சொன்னது எதுவும் எனக்கு நடக்கவில்லை என்றார். தகேயோ மாகாணத்தில் ஒரு பெரிய ஏழைக் குடும்பம். எல்லாப் பிள்ளைகளையும் வளர்க்க முடியாமல் பெற்றோர் அவரையும் உடன்பிறந்தவள் ஒருத்தியையும் 1997இல் அந்தக் காப்பகத்தில் விட்டிருக்கிறார்கள். படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று நம்பித்தான் விட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் வருகிறார்கள் என்றதும் சில சிறுமிகளைப் பேசவைத்துப் பார்த்திருக்கிறார்கள். சினிமாவில் ஆள் எடுப்பார்களே, அப்படி. இவர் தேர்வானார். சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொடுத்து ஒத்திகையும் பார்த்தார்கள். நீ நன்றாகச் செய்தால் மற்ற பெண்களுக்கு உதவியாக இருக்கும் என்று காப்பகத்தின் தலைவி சோமாலி மாம் தன்னிடம் சொன்னதாகவும் அவர் சொன்னார்.

அந்தப் பெண்ணின் பெயர் அன்றும் பத்திரிகைகளில் வந்தது, 2013க்குப் பிறகும் வந்தது. நான் எழுதப்போவதில்லை. இரண்டு முறையும் அவர் பெயரைக் கொண்டு செய்தி செய்தவர்கள் நம் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான்.

இந்த விவகாரத்தை எல்லோரும் ‘ஒரு பெண்மணி உலகை ஏமாற்றிய கதை’ என்றே சொல்கிறார்கள். எனக்கு அந்த முடிவில் திருப்தி இல்லை. ஏமாற்றியதாகச் சொல்லப்படுவது ஒரு பக்கம் இருக்கட்டும். பதினாறு வருடம் எத்தனை செய்தி நிறுவனங்கள் அந்தக் காப்பகத்தின் கதவைத் தட்டின, தட்டும்போது என்ன கேட்டன, கேட்டது ஏன் ஒவ்வொரு முறையும் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். யாருடைய கதவை அவை தட்டவே இல்லை என்பதைப் பார்த்தால் விவகாரம் இன்னும் தெளிவாகும்.

சரி, ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன்.

சோமாலி மாம் கம்போடியாவின் கம்போங் சாம் மாகாணத்தில் வளர்ந்தவர். சிறு வயதில் விற்கப்பட்டு, பல ஆண்டுகள் விடுதிகளில் சித்திரவதைப்பட்டுத் தப்பியவர் என்பது அவர் தன்னைப் பற்றிச் சொன்ன கதை. 1996இல் தன் பிரெஞ்சுக் கணவர் பியர் லெக்ரோவுடன் சேர்ந்து புனோம் பென்னில் ஆஃபெசிப் என்ற அமைப்பைத் தொடங்கினார். விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டு, காப்பகத்தில் வைத்து, தையல், முடி அலங்காரம் என்று ஏதாவது ஒரு தொழில் கற்றுக்கொடுப்பது அதன் வேலை. அந்தப் பிரெஞ்சுப் படம் வந்த அதே 1998இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசர் விருதை வேறு சில பெண்களோடு பகிர்ந்துகொண்டார். சுயசரிதை 2005இல் பிரெஞ்சில் வந்தது, பிறகு பல மொழிகளுக்குப் போனது. 2006இல் துரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒலிம்பிக் கொடியைத் தூக்கிவந்த எட்டுப் பெண்களில் இவரும் ஒருவர். 2007இல் அமெரிக்காவில் இவர் பெயரிலேயே ஒரு அறக்கட்டளை. 2009இல் டைம் இதழின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் இடம், அறிமுகக் குறிப்பை எழுதியவர் ஏஞ்சலினா ஜோலி.

அடுத்தவர் நிக்கோலஸ் கிறிஸ்டோஃப். நியூயார்க் டைம்ஸின் பத்தி எழுத்தாளர், இரண்டு முறை புலிட்சர் வாங்கியவர். கம்போடியாவின் பாலியல் தொழிலை அமெரிக்க வாசகனின் காலை உணவு மேசைக்குக் கொண்டுபோனதில் இவருக்கு ஈடு கிடையாது. 2004 ஜனவரியில் தாய்லாந்து எல்லையோர ஊரான பொய்பெட்டுக்குப் போய், இரண்டு இளம்பெண்களை விடுதி உரிமையாளர்களிடமிருந்து காசு கொடுத்தே வாங்கினார். ஒருவருக்கு 150 டாலர், இன்னொருவருக்கு 203 டாலர். ரசீதும் வாங்கிக்கொண்டார். அதை அப்படியே பத்தியில் எழுதினார். ஓராண்டு கழித்துத் திரும்பிப் போனபோது ஒரு பெண் மீண்டும் அதே தொழிலுக்குப் போயிருந்தார். போதைப் பழக்கம் ஒரு காரணம். அதையும் மறைக்காமல் எழுதினார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒரு மனுஷியைப் பேட்டி காண்பதற்கும் விலைக்கு வாங்குவதற்கும் நடுவில் இருக்கிற கோடு அங்கேயே அழிந்துவிட்டது. அதைப் படித்தவர்கள் பதறியதைவிட நெகிழ்ந்ததுதான் அதிகம். வாங்கியவர் நல்லவர், அதனால் வாங்கியதும் நல்ல காரியமாகிவிட்டது.

கண்ணில்லாத பெண்ணின் கதை

2009இன் தொடக்கத்தில் கிறிஸ்டோஃபின் பத்தியில் இன்னொரு இளம்பெண் வந்தார். ஒரு கண் இல்லை. பதின்மூன்று வயதில் கடத்தப்பட்டு விடுதியில் அடைக்கப்பட்டதாகவும், விடுதிக்காரி ஆத்திரத்தில் கண்ணைக் குத்திப் பிடுங்கியதாகவும் எழுதப்பட்டது. அதன் பிறகு அந்தப் பெண் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் தோன்றினார். 2012இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் வந்த ஆவணத் தொடரிலும் அவர் இருந்தார். ஒரு முகம், அதில் தெரிகிற ஒரு காயம், அந்தக் காயத்துக்கு ஒரே வரியில் ஒரு காரணம். தொலைக்காட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கம்போடியா டெய்லி என்று புனோம் பென்னில் ஒரு சிறிய ஆங்கில நாளிதழ் இருந்தது. அதன் செய்தியாளர் சைமன் மார்க்ஸ் செய்தது மிகச் சாதாரணமான வேலை. அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனார், பெற்றோரிடம் பேசினார், தகேயோ கண் மருத்துவமனையில் விசாரித்தார். சின்ன வயதிலேயே கண்ணில் கட்டி வந்தது, 2005இல் அறுவை செய்து கண்ணை எடுத்தோம் என்று அறுவை செய்த மருத்துவர் சொன்னார். மருத்துவமனைப் பதிவுகளும் அதையே காட்டின. அங்கிருந்துதான் அந்தப் பெண்ணை ஆஃபெசிப்பின் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார்களாம்.

புனோம் பென்னிலிருந்து தகேயோவுக்குச் சாலையில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அமெரிக்காவிலிருந்து விமானம் ஏறி வந்த குழுக்களுக்கு இந்த இரண்டு மணி நேரம்தான் கிடைக்கவில்லை.

சோம்பேறித்தனம் மட்டும் காரணம் இல்லை என்றே நினைக்கிறேன். பாலியல் தொழிலாளியிடம் பேட்டி எடுக்கும்போது சரிபார்ப்பதே ஒரு வன்முறை என்ற எண்ணம் செய்தியாளர்களிடம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவளிடம் சாட்சி கேட்கலாமா என்ற தயக்கம் நியாயமானதுதான். ஆனால் அதே தயக்கம், கேமரா முன்னால் உட்காரவைத்து, எத்தனை பேர், என்ன செய்தார்கள், எப்படி வலித்தது என்று கேட்கும்போது எங்கே போனது? மருத்துவமனைக்கு ஒரு போன் செய்து விசாரிக்கக் கூச்சப்பட்டவர்கள் அதைக் கேட்கக் கூச்சப்படவில்லையே.

2011 நவம்பரில் இது இன்னொரு கட்டத்துக்குப் போனது. தாய்லாந்து எல்லைக்கு அருகிலுள்ள அன்லாங் வெங் ஊரில் ஒரு விடுதியில் சோதனை. சோமாலியும் போலீசும் உள்ளே நுழைய, கிறிஸ்டோஃபும் கூடவே நுழைந்து, நடப்பதை நடக்க நடக்க ட்விட்டரில் எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். உள்ளே இருந்த பெண்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க முடியாது. கதவை உடைத்துக்கொண்டு போகிறவர் அனுமதி கேட்டுக்கொண்டா போவார்?

எப்படி அவிழ்ந்தது

2012 ஏப்ரலில் ஐக்கிய நாடுகள் சபையில் பேசிய சோமாலி, தன் காப்பகத்தை முன்பு தாக்கியவர்கள் எட்டுச் சிறுமிகளைக் கொன்றார்கள் என்றார். அவர் குறிப்பிட்டது 2004 டிசம்பர் சம்பவத்தை. புனோம் பென்னில் சாய் ஹூர் 2 என்ற ஓட்டலில் சோதனை நடத்தி எண்பத்துமூன்று பெண்களை ஆஃபெசிப் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே அவர்கள் வெளியேறிவிட்டார்கள். ஆட்கள் வந்து கடத்திப்போனார்கள் என்றது அமைப்பு. நாங்களாகத்தான் வந்தோம், எங்களை அடைத்துவைத்தது அவர்கள்தான் என்றார்கள் அந்தப் பெண்களில் சிலர். உலகச் செய்திகளில் முதல் கதைதான் நின்றது. அடுத்த ஆண்டு அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆள்கடத்தல் அறிக்கையில் கம்போடியாவைக் கடைசித் தட்டுக்கு இறக்கியது. எண்பத்துமூன்று பேரில் எத்தனை பேரை யார் பேட்டி எடுத்தார்கள் என்று தேடினால் கையில் அதிகம் சிக்காது.

எட்டுப் பேர் கொலை என்றதை கம்போடியா டெய்லி விசாரித்தது. போலீஸ் அதிகாரிகள் மறுத்தார்கள், முன்னாள் கணவர் லெக்ரோவும் மறுத்தார். தான் சொன்னது சரியல்ல என்று சோமாலியே ஒப்புக்கொண்டார். அதன் பிறகு நூல் பிரிய ஆரம்பித்தது. 2014 மேயில் நியூஸ்வீக் இதழ் சைமன் மார்க்ஸின் நீண்ட கட்டுரையை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. பிரெஞ்சுத் தொலைக்காட்சிச் சிறுமி, கண்ணில்லாத பெண், சோமாலியின் சொந்தக் கதையில் ஊர்க்காரர்கள் சொன்ன முரண்பாடுகள் எல்லாம் அதில் ஒன்றாக வந்தன. அறக்கட்டளை ஏற்கெனவே ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரித்துக்கொண்டிருந்தது. மே 28 அன்று சோமாலி பதவி விலகினார். அக்டோபரில் அறக்கட்டளையே மூடப்பட்டது. அதே ஆண்டு மேரி கிளேர் இதழ் தன் செய்தியாளரை அனுப்பி, நியூஸ்வீக் எழுதியதில் சிலவற்றைக் கேள்விக்குள்ளாக்கியது. நான் பொய் சொல்லவில்லை என்று சோமாலி அதில் சொன்னார். ஆக, அவர் வாழ்க்கையில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதில் இன்னும் இரண்டு தரப்பு இருக்கிறது. அதற்குத் தீர்ப்பு எழுத நான் உட்காரவில்லை.

சோமாலியின் விலகலை அறிவித்த அதே அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது. கண்ணில்லாத அந்தப் பெண்ணுக்கும் அமைப்புக்கும் இனி எந்தத் தொடர்பும் நிரந்தரமாகக் கிடையாது, வாழ்க்கையின் அடுத்த கட்டத்துக்குப் போக அவருக்கு உதவுவோம் என்று எழுதியிருந்தார்கள். இதை நான் பலமுறை படித்துவிட்டேன். பதின்வயதில் கேமரா முன் கொண்டுவந்து நிறுத்தப்பட்டவர் அவர். கதை ஓடியவரைக்கும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கூட்டிக்கொண்டு போனார்கள். கதை நின்றதும் ஒரு வரியில் கணக்கு முடிந்தது.

கிறிஸ்டோஃப் முதலில் மௌனமாக இருந்தார். அவருடைய பத்திரிகையில் வாசகர் குறைகளை விசாரிக்கும் பொறுப்பில் அப்போது இருந்த மார்கரெட் சல்லிவன், வாசகர்களுக்கு அவர் விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று எழுதினார். 2014 ஜூனில் அவரும் எழுதினார். சோமாலியைப் பற்றி எழுதாமலே இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது என்பது அதன் சாரம். மற்ற நிறுவனங்களில் பெரும்பாலும் அந்த அளவுக்குக்கூடப் பேச்சு இல்லை.

விருந்தினர் பட்டியல்

இந்த இடத்தில் என் கதை கொஞ்சம். சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் சில வருடம் விருந்தினர்களை ஏற்பாடு செய்கிற பிரிவில் வேலை பார்த்தேன். காலைக் கூட்டத்தில் தலைப்பு முடிவாகும், மாலை ஆறு மணிக்குள் நான்கு பேர் வேண்டும். ஒரு வழக்கறிஞர், ஒரு கட்சிக்காரர், ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி ஒருவர், அப்புறம் ‘பாதிக்கப்பட்டவங்க யாராவது’. முதல் மூன்று பேருக்குப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். நாலாவது ஆளுக்குப் பெயர் கிடையாது, அடையாளம் மட்டும்தான். சின்னப் பொண்ணா இருந்தா நல்லது, முகம் காட்டினா ரொம்ப நல்லது, அழாம பேசறவங்க வேண்டாம். இதை யாரும் எழுதித் தரமாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் தெரியும். உடனே நாம் யாருக்கு போன் போடுவோம்? ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்கு. ‘மேடம், ஒரு கேஸ் கிடைக்குமா?’

‘கேஸ்’. இந்த ஒரு சொல்லிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

அந்த போனை எடுக்கிறவரின் நிலையையும் யோசிக்க வேண்டும். அவருக்கு அடுத்த ஆண்டுக்கான நன்கொடை வேண்டும். செய்தியில் வந்தால் வரும். மாலைக்குள் ஆள் தர முடியவில்லை என்றால் வேறு நிறுவனத்திடம் போய்விடுவார்கள். காப்பகத்தில் இருக்கிற பெண்ணிடம் அவர் போய், பேசறியாம்மா என்று கேட்கிறார். படுக்கையும் சோறும் படிப்பும் அவர் கையில் இருக்கும்போது அந்தப் பெண் என்ன சொல்வாள்? சரி என்பாள். அதற்குப் பெயர் சம்மதம். பதினான்கு வயதுச் சிறுமியிடம் அதுகூடக் கிடையாது. நம் நாட்டில் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவும் இப்படிப்பட்ட குழந்தையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடுவதைக் குற்றம் என்கின்றன. ஆனால் முகத்தை மங்கலாக்கிவிட்டால் மனசாட்சியும் மங்கலாகிவிடும் என்று நாங்கள் நம்பினோம்.

ஆக கம்போடியாவில் நடந்ததை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அந்த ஒத்திகை காப்பகத்தில் தொடங்கவில்லை. தொலைக்காட்சி நிலையத்தில், இப்படி ஒருத்தி வேண்டும் என்று கேட்டபோதே தொடங்கிவிட்டது. எந்த வயது, எந்தத் துயரம், எத்தனை நிமிடம் எல்லாம் முடிவான பிறகுதான் ஆள் தேடுகிறார்கள். இருக்கிறவர்களில் யாருக்கும் அந்த அளவு பொருந்தவில்லை என்றால், பொருந்துகிற மாதிரி ஒருத்தியைத் தயார் செய்ய வேண்டியதுதான் பாக்கி. சிலர் செய்யமாட்டார்கள். அவர்களுக்கு அடுத்த முறை போன் வராது.

இந்தியாவிலும் இதன் இன்னொரு வடிவத்தைப் பார்த்திருக்கிறோம். 2007 ஆகஸ்டில் டெல்லியின் ஒரு செய்தித் தொலைக்காட்சி, அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் மாணவிகளைத் தொழிலுக்குத் தள்ளுகிறார் என்று ரகசியக் கேமராப் படத்தை ஒளிபரப்பியது. கூட்டம் திரண்டு அந்த ஆசிரியையின் உடையைக் கிழித்தது. அவரைக் கைது செய்தார்கள், வேலையும் போனது. பிறகு பார்த்தால், ‘மாணவி’யாக வந்தவர் பத்திரிகைத் துறையில் நுழைய முயன்றுகொண்டிருந்த இளம்பெண். அந்தச் சேனலை ஒரு மாதம் நிறுத்திவைத்தது மத்திய அரசு. வேண்டிய ஆள் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம் என்ற அதே புத்திதான். இங்கே நடுவில் தொண்டு நிறுவனம்கூடத் தேவைப்படவில்லை.

கூப்பிடப்படாதவர்கள்

இத்தனை ஆண்டுகளும் புனோம் பென்னிலேயே, பேசத் தயாராக, பெயரோடும் முகவரியோடும் வேறு பெண்கள் இருந்தார்கள். பாலியல் தொழிலாளர்களே 2000த்தில் தொடங்கிய ‘ஒற்றுமைக்கான பெண்கள் வலையமைப்பு’ என்ற சங்கம் அது. ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள். மௌனமாக இருந்தவர்களும் இல்லை.

2004இல் எச்.ஐ.வி. தடுப்புக்காக டெனோஃபோவிர் மாத்திரையைக் கம்போடியப் பாலியல் தொழிலாளர்களிடம் சோதிக்க ஒரு பெரிய மருத்துவ ஆய்வு திட்டமிடப்பட்டது. தொள்ளாயிரத்து அறுபது பெண்களைச் சேர்ப்பதாக இருந்தது. இந்தச் சங்கத்துப் பெண்கள் கேட்டார்கள்: பக்கவிளைவு வந்தால் ஆய்வு முடிந்த பிறகு எங்களை யார் பார்ப்பார்கள்? நீண்டகால மருத்துவக் காப்பீடு தருவீர்களா? பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார்கள். ஜூலையில் பாங்காக்கில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில் போராட்டமும் நடந்தது. ஆகஸ்டில் பிரதமர் ஹுன் சென் அந்த ஆய்வை நிறுத்தினார். நிறுத்தியது சரியா தவறா என்று மருத்துவ உலகம் பல காலம் விவாதித்தது. அது வேறு பேச்சு. உலக அளவில் ஒரு மருந்து ஆய்வை மறித்து நிறுத்துகிற அளவுக்குப் பேசத் தெரிந்தவர்களுக்கு, ஓப்ராவின் சோபாவில் உட்காரத் தெரியாதா என்ன?

2008இல் கம்போடியா ஆள்கடத்தலையும் பாலியல் சுரண்டலையும் ஒடுக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. மேற்கத்திய அழுத்தம் அதற்குப் பின்னால் இருந்தது, நம் விருந்தினர்கள் சொன்ன கதைகளும் அந்த அழுத்தத்தில் கலந்திருந்தன. சட்டம் வந்ததும் போலீஸ் தெருவில் நின்ற பெண்களை வாரிக்கொண்டு போனது. பிரே ஸ்பூ, கோ கோர் என்ற இரண்டு ‘சமூக நல’ மையங்களில் அடைத்தார்கள். கோ கோர் ஒரு தீவு, கெமர் ரூஜ் கொடுங்கோலாட்சிக் காலத்தில் சிறையாக இருந்த இடம். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2010 ஜூலையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பாலியல் தொழிலாளர்களிடம் பேசி வெளியிட்ட அறிக்கையில், அடி, பணப்பறிப்பு, பாலியல் வன்முறை என எல்லாம் இருக்கிறது. செய்தவர்கள் போலீசும் பூங்காக் காவலர்களும். அதாவது ‘மீட்க’ வந்தவர்களில் ஒரு பகுதி. அந்த அறிக்கை வந்து ஓராண்டு கழித்துத்தான் அன்லாங் வெங்கில் போலீசோடு உள்ளே போய் ட்வீட் போட்டது நடந்தது.

சங்கத்துப் பெண்களை ஏன் கூப்பிடவில்லை? வயது முப்பது, நாற்பது. இன்னமும் தொழிலில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிறார்கள். எப்படி வந்தாய் என்று கேட்டால் வாடகை, கடன், தொழிற்சாலைச் சம்பளம் என்று கணக்குச் சொல்வார்கள். ஆசிய பசிபிக் பாலியல் தொழிலாளர் வலையமைப்பின் சின்னத்தில் ஒரு தையல் மிஷின் இருக்கும், அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. தையல் மிஷினைப் பற்றி எங்களிடம் பேசாதே, தொழிலாளர் உரிமையைப் பற்றிப் பேசு என்பது அவர்கள் முழக்கம்.

அந்தக் கோடு எவ்வளவு கூர்மையானது என்பதைக் கம்போடியாவின் தையல் தொழிலைப் பார்த்தால் புரியும். மீட்டெடுத்த பெண்ணுக்குக் காப்பகம் தையல் கற்றுக்கொடுக்கிறது. கற்றுக்கொண்டு அவள் போவது ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு. சோமாலி பதவி விலகிய 2014இலேயே, ஜனவரி 3 அன்று, மாதம் 160 டாலர் சம்பளம் கேட்டுப் புனோம் பென்னில் போராடிய ஆடைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நான்கு பேராவது செத்தார்கள். அவர்களுக்கு அப்போது கிடைத்தது 160இல் ஏறக்குறைய பாதிதான். ‘தொழிற்சாலையில் இருந்தேன், கட்டுப்படியாகவில்லை, இங்கே வந்தேன்’ என்று ஒரு பெண் கேமராவில் சொன்னால், நேயர் பார்வை சட்டென்று தான் போட்டிருக்கும் சட்டைக்குப் போய்விடும். விளம்பர இடைவேளையில் அதே சட்டைக்கு விளம்பரமும் வரும். இதை எந்தத் தயாரிப்பாளர் விரும்புவார்?

குழந்தைகளைக் கடத்துவது, அடைத்துவைப்பது எல்லாம் கம்போடியாவில் நடக்கவே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்தது. அதனால்தான் இந்தப் பொய்கள் இவ்வளவு கேடு செய்தன. உண்மையாகவே அடைக்கப்பட்டிருந்த ஒரு சிறுமி 2014க்குப் பிறகு வாயைத் திறந்தால், இவளும் பயிற்சி எடுத்தவளோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும்.

நம் பக்கத்துக்கு வருவோம். கேரளத்துப் பாலியல் தொழிலாளி நளினி ஜமீலாவைத் தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். 2005இல் மலையாளத்தில் வந்த தன் சுயசரிதையில், தன் குரல் சரியாக வரவில்லை என்று சொல்லி, அதே ஆண்டு திருத்திய வடிவத்தைக் கொண்டுவந்தார். தன் கதையைத் தானே இன்னொரு முறை சொல்கிற வாய்ப்பு எத்தனை விருந்தினருக்குக் கிடைத்திருக்கிறது?

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் பிறப்பித்த உத்தரவில் ஊடகத்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. கைது, சோதனை, மீட்பு எதுவானாலும் பாலியல் தொழிலாளியின் அடையாளம் தெரியும்படி படமோ பெயரோ வெளியிடக்கூடாது, இதற்குப் பத்திரிகை கவுன்சில் நெறிமுறை வகுக்க வேண்டும் என்றது. மீட்பைப் படமெடுக்கிறோம் என்ற சாக்கில் வாடிக்கையாளரோடு இருக்கும் காட்சியை ஒளிபரப்பினால், பெண்களை ரகசியமாகப் பார்ப்பதையும் படமெடுப்பதையும் தண்டித்த, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354சி பிரிவு தொலைக்காட்சிகள் மீது பாய வேண்டும் என்றும் சொன்னது. அந்த வழக்கே கொல்கத்தாவில் 1999இல் அடித்துக் கொல்லப்பட்ட ஒரு பாலியல் தொழிலாளியின் மரணத்தில் தொடங்கியது. நம் நாளிதழ்களில் ‘அழகிகள் மீட்பு’ என்று தலைப்பு வைக்கிற பழக்கம் மட்டும் உத்தரவுக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருக்கிறது. நாற்பது வயதுப் பெண்ணாக இருந்தாலும் கைதானால் அழகி. கொலையானால்கூட அழகி. எந்தத் துணை ஆசிரியர் முதலில் இதை எழுதினாரோ.

கம்போடியாவில் இந்தப் பொய்களைத் தோண்டிய கம்போடியா டெய்லி நாளிதழ் இப்போது புனோம் பென்னில் இல்லை. அறுபத்துமூன்று லட்சம் டாலர் வரி கட்டு என்று அரசு மிரட்டியதில் 2017 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். ஓர் ஊரில் இருந்து, அந்த ஊர்ச் சாலையில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து, மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்க்கிற பத்திரிகை என்பதால்தான் அதனால் முடிந்தது. விமானத்தில் வந்து மூன்று நாளில் போகிறவர்கள் இனியும் வருவார்கள்.

கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2020 செப்டம்பர் 29 அன்று, அடையாள அட்டை கேட்காமல் பாலியல் தொழிலாளர்களுக்கு ரேஷன் பொருள் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஊரடங்கில் தொழில் அடியோடு நின்றுபோயிருந்த நேரம். அன்றைக்கு எங்கள் விவாதத்துக்கு ஆள் வேண்டும். வழக்கம்போல ஒரு நிறுவனத்துக்கு போன் போடாமல், எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்து அக்காவுக்குப் போட்டேன்.

“வரேன் தம்பி. முகத்தைக்கூடக் காட்டறேன், எனக்கென்ன. ஆனா எப்படி இதுல வந்தீங்கன்னு மட்டும் கேட்கக் கூடாது. ரேஷன் பத்திக் கேளுங்க, ராத்திரி பூரா சொல்றேன்.”

தயாரிப்பாளரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ரேஷன் பத்தித்தான் பேசணும்னா ஃபுட் டிபார்ட்மென்ட்லேர்ந்து யாரையாவது கூப்பிடலாமே” என்றார். கடைசியில் ஒரு பெண் வழக்கறிஞர் வந்தார். நன்றாகவே பேசினார், தீர்ப்பின் பத்தி எண்கள்கூடச் சொன்னார்.

மறுநாள் அக்காவே கூப்பிட்டார். கோபம் ஒன்றும் இல்லை. “நிகழ்ச்சி பார்த்தேன் தம்பி. அந்த அம்மா நல்லாத்தான் பேசினாங்க. கார்டு இல்லாதவங்களுக்கு எந்தக் கடையில அரிசி போடறாங்க, அதை மட்டும் சொல்லலையே. உங்களுக்குத் தெரியுமா?”

எனக்கும் தெரியவில்லை.